பாலத்தோடு திரும்பியவர்கள்

பாலம் வரை போய்விட்டுத் திரும்பிய இளம் ஜோடி சைக்கிள்களைக் கடை முன்னால் நிறுத்தியது. அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, தலைக்கு மேலிருந்த பலகையை இன்னொரு முறை படித்தாள். ‘கலங்கரை விளக்கம் போய்வர பேட்டரி சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும்.’

“போய்வரன்னு போட்டிருக்கீங்க,” என்றாள்.

“இன்னைக்கு எதிர்க்காத்து ஜாஸ்திங்க,” என்றாள் கடைக்காரி.

“காத்தே இல்லையே.”

“இங்க இருக்காது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்.”

“அந்தப் பக்கம் நாங்க போனாத்தானே? பேட்டரி மூணு கோட்டுக்கு வந்தா திரும்பிடுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. பாலத்துலயே மூணுக்கு வந்துடுச்சு.”

கூட வந்த பையன், “விடு, மினிபஸ்ல போயிக்கலாம்,” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். இருவரும் சாலையைக் கடந்து எதிரிலிருந்த நிறுத்தத்துக்குப் போனார்கள். மினிபஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“தங்கச்சி, தினம் எனக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கற. பேசாம நம்ம பஸ்லயே கண்டக்டரா வந்துடேன். யூனிஃபார்ம் நானே தச்சுக் குடுக்கறேன்.”

அவள் சிரித்து வைத்தாள். அந்தப் பேச்சுக்குத் தினமும் சிரித்துச் சிரித்து, அந்தச் சிரிப்பு வாயின் ஒரு ஓரத்திலேயே தங்கிவிட்டிருந்தது. கடையின் பின்பக்கம் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. கணவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. கேட்காமல் இருந்தது நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

ஹெல்மெட்டுகளின் உட்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து வெயிலில் கவிழ்த்து வைத்தாள். யார் யாருடைய தலைமுடி வாசனையோ அவள் கைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தச் சோப்புக்கும் அது போவதில்லை. சைக்கிள்களை உள்ளே தள்ளிக்கொண்டு போய் மரத்துண்டுகளைச் சக்கரத்தடியில் வைத்தாள். அந்த இடம் முன்பு சலவைக்கடையாக இருந்தது. தண்ணீர் ஓடுவதற்காகத் தரையை நடுவில் சரித்துக் கட்டியிருந்தார்கள். எந்தச் சைக்கிளை விட்டாலும் தானாக உருண்டு நடுவிலுள்ள சாக்கடை மூடியிடம் போய் நிற்கும். வாடகைக்குப் பிடிக்கும்போது மூவரில் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை.

மூவர் என்றால் அவள், அவள் கணவன், அவளுடைய தம்பி. மாடியில் ஓர் அறையும் சமையலறையும் அவர்களுக்கு. தம்பி கீழேயே சார்ஜர்களுக்கு நடுவில் பாய் விரித்துப் படுப்பான். பேட்டரிகளைக் கழற்றுவது, சார்ஜ் போடுவது, திரும்ப மாட்டுவது அவன் பொறுப்பு. பழுது பார்ப்பது கணவன். ஆட்களிடம் பேசுவது அவள். பிரித்துக்கொண்ட வேலையில் ஒருவர் மற்றவருடையதை எட்டிப் பார்க்கமாட்டார்கள். ஆரம்பத்தில் அது மரியாதையாகத்தான் இருந்தது. போகப்போக, கேட்பதற்குத் தெம்பில்லாமல் போனதும் அந்த மரியாதையோடு கலந்துகொண்டது.

சாப்பாட்டு நேரத்தில் கணவன் சொன்னான்: “கிடங்குலேர்ந்து சூப்பர்வைசர் பேசினாரு.”

அவள் குழம்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டாள்.

“ஆள் பத்தலையாம். திரும்பி வர்றியான்னு கேக்கறாரு. சனிக்கிழமைக்குள்ள சொல்லணும். நாளன்னைக்கு நேர்ல வந்து பாத்துட்டுப் போன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பாக்கறேன்னேன்.”

தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மாமா போனா கடை?” என்றான்.

மாமா போனால் கடை இல்லை என்பது மூவருக்கும் தெரியும். ஒரு கம்பி அறுந்தால்கூட அவன்தான் பார்க்க வேண்டும். கடை இல்லையென்றால் தம்பி வேறு ஊர் பார்த்துப் போவான். அவள் மாடியில் உட்கார்ந்து கணவன் வரும் நேரத்துக்குக் காத்திருப்பாள்.

அந்தக் காத்திருப்பு அவளுக்குப் புதிதல்ல. ஊருக்கு வெளியே உள்ள குளிர்பதனக் கிடங்கில் அவன் வருடக்கணக்காக வேலை பார்த்தவன். மீனும் இறைச்சியும் உறைந்து கிடக்கும் அறைகளில் பெட்டிகளை ஏற்றி இறக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்காருவான். விரல்நுனியில் உணர்வு திரும்பும்வரை பேசமாட்டான். பிறகு உணர்வு திரும்பிய பின்னும் பேசாமலிருக்கப் பழகிவிட்டான். ஒருநாள் அவள் கொடுத்த தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. அது விழுந்ததே தெரியாமல் விரல்களைக் கோப்பையின் வடிவத்தில் வளைத்தபடி அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் அவள், “விட்டுடுங்க,” என்றாள். சைக்கிள் கடையொன்றில் வேலையிலிருந்த தம்பி இந்த யோசனையோடு வந்தது அதற்குச் சில நாள் கழித்து. ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் எல்லோரும் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள், உப்பளத்தின் நடுவே ஒரே சாலை, மேடு பள்ளம் கிடையாது என்றான். எல்லாம் உண்மைதான்.

இப்போது கிடங்குக்குத் திரும்பிப் போகாதீர்கள் என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒருமுறை சொன்னதற்கு இந்தக் கடை. இன்னொரு முறை சொல்ல என்ன வைத்திருக்கிறாள்? வருகிறவர்கள் பாலத்தோடு திரும்பி வந்து, முகம் தொங்கிப்போய், மினிபஸ்ஸில் ஏறிப் போகிறார்கள். போய்விட்டு மற்றவர்களிடம் சொல்கிறார்கள். வரவர, ரயில் வந்து நின்றாலும் கடைப்பக்கம் திரும்புகிற தலைகள் குறைந்துவிட்டன.

வியாழக்கிழமை கணவன் கிடங்குக்குக் கிளம்பினான். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கியவனை, “சாப்பிட்டுட்டுப் போங்க,” என்று மட்டும் சொன்னாள். அவன் சாப்பிட்டிருந்தான். இருவருக்கும் அது தெரியும்.

மதியம் அவளுக்குத் தலை கனத்தது. “நீயே பாத்துக்கடா, செத்த நேரம் படுக்கறேன்,” என்று தம்பியிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். கடை திறந்ததிலிருந்து பகலில் அவள் படுத்தது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடினாள். திறந்தபோது சுவரிலிருந்த வெயில் போய்விட்டிருந்தது. கீழே வந்தால் தம்பி வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாரடா பாக்கற?”

“ஒரு அம்மா போயிருக்காங்க. பல் டாக்டராம். லீவுல வந்திருக்காங்க.”

அவள் வரிசையைப் பார்த்தாள். கடைசியிலிருந்த சின்னச் சைக்கிளைக் காணவில்லை.

“அடப்பாவி, அந்தச் சைக்கிளையா குடுத்த? அதுல டிஸ்ப்ளே உடைஞ்சு கிடக்குன்னு மாமா டேப் ஒட்டி வச்சிருக்காரே!”

“அவங்க ரொம்பக் குள்ளம்க்கா. மத்த எதுலயும் கால் எட்டல. பிரேக் நல்லாருக்கு, மோட்டார் நல்லாருக்கு. கோடு தெரியாட்டி என்னன்னு குடுத்துட்டேன்.”

“பாலத்துல திரும்பிடணும்னு சொன்னியா?”

“நான் எதுக்குச் சொல்லணும்? கலங்கரை விளக்கம் போகுமான்னு கேட்டாங்க. போர்டுல இருக்குல்ல, போங்கன்னேன்.”

வாடகை நோட்டிலிருந்த பல் டாக்டரின் நம்பருக்குக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. உப்பளத்தில் எங்குமே சிக்னல் கிடையாது.

கடை திறந்த புதிதில் இப்படித்தான் ஆனது. கட்டட கான்ட்ராக்டர் ஒருவர், பெடலைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தவர்போல முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டு போய் உப்பளத்து நடுவில் நின்றுவிட்டார். மாற்று பேட்டரிகூட அப்போது இல்லை. கணவன் போய் அந்தக் கனத்த சைக்கிளை வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தான். கான்ட்ராக்டர் பின்னாலேயே நடந்து, கடைவரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தார். கணவன் சைக்கிளை நிறுத்திவிட்டு நிமிரப் பார்த்தான், முடியவில்லை. பாதி குனிந்தபடியே படியேறிப் போய்த் தரையில் படுத்தான். அந்த நாளைப் பற்றி மூவரும் அதற்குப்பின் பேசிக்கொள்ளவே இல்லை. பேசியிருக்கலாம்.

இருட்டுவதற்குள் கணவன் வந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டதும் கிடங்கில் என்ன ஆயிற்று என்று சொல்லவுமில்லை, சட்டையை மாற்றவுமில்லை. சார்ஜ் ஏறியிருந்த ஒரு பேட்டரியைத் தோள்பையில் போட்டான். இன்னொரு சைக்கிளைச் சாலையில் இறக்கினான். தம்பி, “நான் போறேன் மாமா,” என்றான்.

“நீ போய் இன்னொருத்தருக்கு டேப் ஒட்டினதா பாத்துக் குடு. நகரு.”

அப்போது சாலையின் வளைவில் மணிச்சத்தம் கேட்டது. முட்டிவரை வெள்ளைப் புழுதியோடு பல் டாக்டர் வந்துகொண்டிருந்தார். மிதிக்காமல், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மோட்டாரிலேயே வந்தார்.

“ஸாரி ஸாரி, லேட்டாயிடுச்சு. பயந்துட்டீங்களா?”

“எங்க நின்னுச்சுங்க?” என்றாள் அவள்.

“எது?”

“சைக்கிள்.”

“நிக்கலையே. ஏன் நிக்கணும்?” பல் டாக்டர் இறங்கித் தொடையைத் தட்டிக்கொண்டார். “அருமையா போச்சு. மேல ஏறிப் பாத்தேன். திரும்பிப் பாலத்துக்கிட்ட வந்தப்பறம்தான் ஞாபகம் வருது, ஃபிளாஸ்க்கை அங்கயே விட்டுட்டேன். எங்கம்மாவோடது. அது இல்லாம போனா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. அப்பறம் என்ன, திரும்ப அவ்வளவு தூரம் போய் எடுத்துட்டு வந்தேன்.”

மூவரும் அவரையே பார்த்தார்கள்.

“ரெண்டு தடவை போனீங்களா?” என்றான் கணவன்.

“ஆமா. வாடகை கூட எதாவது ஆகுமா?”

“இல்ல, இல்ல. ஒண்ணும் ஆகாது.”

பல் டாக்டர் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, உங்க கீழ்ப்பல் ஒண்ணைக் கவனிக்கணும். சைக்கிள் எடுக்கும்போதே சொல்லணும்னு நினைச்சேன்,” என்று சொல்லிவிட்டு, ஃபிளாஸ்க்கைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார்.

கணவன் அந்தச் சின்னச் சைக்கிளிலிருந்து பேட்டரியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். மீட்டரின் முள்கம்பிகளை அதன் முனைகளில் வைத்துப் பார்த்தான். எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான்.

“இன்னும் இருக்கு,” என்றான்.

“எவ்வளவு?”

“பாலம் வரைக்கும் இன்னொரு தடவை போய்ட்டு வரலாம்.”

சார்ஜர்களின் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

“அப்ப மத்ததெல்லாம் ஏன் பாலத்துலயே கோடு இறங்குது?” என்றாள் அவள். “ஒரே பேட்டரிதானே எல்லாம்?”

கணவன் மீட்டரின் கம்பியைச் சுற்றத் தொடங்கினான். சுற்றி முடித்து, பிரித்து, மறுபடி சுற்றினான்.

“கோடு... நான் கொஞ்சம் மாத்தி வச்சேன்.”

“என்ன மாத்தினீங்க?”

“டிஸ்ப்ளேல உள்ள போனா செட்டிங் இருக்கு. உள்ளதைவிடக் கம்மியா காட்டற மாதிரி வச்சேன். அந்தக் கான்ட்ராக்டர் வந்தாரே, அதுக்கப்பறம். கம்மியா காட்டினா ஜனங்க பயந்து சீக்கிரம் திரும்பிடுவாங்கன்னு.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“நீ வாசல்ல நின்னு பேச வேண்டியவ. உனக்குத் தெரிஞ்சா உன் முகத்துல தெரிஞ்சுடும். எதுக்கு உனக்கும் ஒரு பாரம்னு விட்டுட்டேன்.”

அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“ரெண்டு கோட்டுல திரும்பினா போதும்னு தானே நாம ஆரம்பத்துல பேசினோம்?” என்றாள்.

“ஆமா.”

“நான் மூணுன்னு சொல்லிட்டிருக்கேன்.”

“யார்கிட்ட?”

“எல்லார்கிட்டயும். பிரேக் காட்டிக்குடுக்கத் தெருமுனை வரைக்கும் கூட நடப்பேன்ல, அங்க வச்சு. நீங்க அன்னைக்குப் பட்ட பாடு போதும்னு இருந்துச்சு. உங்க முதுகு...” அவள் நிறுத்திக்கொண்டாள்.

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். சிரிக்கிறான் என்று அவளுக்குக் கோபம் வந்தது. “என்னடா இளிப்பு?” என்றாள்.

“இளிக்கலக்கா.” அவன் கையை எடுத்தான். முகம் வெளிறியிருந்தது. “நான் ஃபுல்லா சார்ஜே போடறதில்ல.”

“என்னது?”

“டைமர் வச்சிருக்கேன். எண்பது பர்சென்ட்டுக்கு வந்ததும் கட் ஆயிடும். ஃபுல்லா ஏத்தி ஏத்தி எடுத்தா பேட்டரி சீக்கிரம் வயசாயிடும்னு விக்கிறவன் சொன்னான். பேட்டரி போச்சுன்னா கடையே போச்சுல்ல? மாமா வேலையை விட்டுட்டு வந்திருக்காரு. எண்பதே எதேஷ்டம், எண்பதுல தாராளமா போய்ட்டு வரலாம்னு கணக்குப் போட்டுத்தான் செஞ்சேன்.”

“போய்ட்டு வரலாம்தான்,” என்றான் கணவன். “அதான் அந்த அம்மா போய்ட்டு வந்துட்டாங்களே.”

“அந்த அஞ்சாவது கோடு எரியவே எரியாதா, அது சும்மா அழகுக்கா வச்சிருக்கான்னு எத்தனை நாள் நினைச்சிருக்கேன்,” என்றாள் அவள். “உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா நான்?”

“கேக்கலயே.”

“அப்ப மேல கொஞ்சம் நான் வெட்டிட்டேன், கீழ கொஞ்சம் மாமா வெட்டிட்டாரு, நடுவுல நீ வெட்டிட்ட,” என்று தம்பியே தொடர்ந்தான்.

“மிச்சமிருந்த துண்டைத்தான் இவ்வளவு நாளா வாடகைக்கு விட்டிருக்கோம்,” என்றான் கணவன்.

அதில் சிரிக்க இடம் இருந்தது. வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் மூவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். தம்பி லேசாகத் தொடங்கிப் பார்த்தான். கூடச் சேர ஆளில்லாததால் நிறுத்திக்கொண்டான். கணவன் விளக்கை அணைத்துவிட்டுப் படியேறினான். கிடங்கில் என்ன பேசினான் என்று அவள் கேட்கவில்லை. படியேறும்போது அவனாகவே, “புதுசா கையுறை குடுக்கறாங்களாம்,” என்றான்.

மறுநாள் அவர்கள் கடையைத் திறக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருந்தார்கள். கணவன் ஒவ்வொரு சைக்கிளாக எடுத்து, டிஸ்ப்ளேயின் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கி, உள்ளே போய், தான் மாற்றியதையெல்லாம் பழையபடி ஆக்கினான். தம்பி டைமர்களைப் பிடுங்கி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டான். அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவள் செய்தது வாயால் செய்தது. அதைத் திருகித் திரும்ப வைக்க முடியாது. ஹெல்மெட்டுகளைத் துடைத்தாள். எல்லாம் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

சாயங்காலம் சார்ஜர்களில் சிவப்பு போய் ஒவ்வொன்றாகப் பச்சை எரிந்தது. பச்சை விளக்கும் அதில் உண்டு என்று அவளுக்கு அப்போதுதான் தெரியும். அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் அசந்து வந்தது.

யாரோ கெடுத்திருந்தால் திட்டித் தீர்க்கலாம். காற்று கெடுத்திருந்தால் காற்றைத் திட்டலாம்; அவள்தான் இல்லாத காற்றையும் திட்டிவந்திருக்கிறாளே. மினிபஸ் டிரைவர் மேல் அவள் மனசுக்குள் எவ்வளவு வன்மம் வைத்திருந்தாள். அந்த மனிதர் ஒரு பாவமும் அறியாதவர். ஒருவர் மேல் ஒருவர் வைத்த அக்கறையை இப்படி எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால் பகையைவிட மோசமாக இருக்கிறது. பகையாளியாக இருந்திருந்தால் என்ன செய்கிறாய் என்று ஒருநாளாவது சண்டைக்குப் போயிருப்பார்கள்.

சனிக்கிழமை காலை வெளிச்சம் வந்ததும் கணவன் கீழே இறங்கினான். உயரமான சைக்கிள் ஒன்றை எடுத்தான்.

“எங்கங்க?”

“கலங்கரை விளக்கத்துக்கு.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூவரில் ஒருவர்கூட இன்றுவரை அங்கே போனதில்லை. பலகையில் பெரிதாக எழுதி வைத்துவிட்டு, போகிறவர்களையும் பாலத்தோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

“ஃபோனை எடுத்துக்கங்க.”

“அது கடை ஃபோன். யாராவது கூப்பிடுவாங்க. இருக்கட்டும்.”

அவன் பெடலை மிதித்துச் சாலையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எப்போதிருந்து அப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவன் வருவதற்கு முன்பே ஃபோன் அடித்தது. சூப்பர்வைசர்.

“அவர் இல்லையாம்மா?”

“வெளிய போயிருக்காருங்க.”

“இன்னைக்குச் சொல்றேன்னு சொன்னாரு. மத்தியானம் நான் லிஸ்ட் குடுத்தாகணும். நீ வீட்டம்மாதானே? உனக்குத் தெரியுமே, வர்றாரா, இல்லையா?”

கேள்வி எவ்வளவு சுலபமாக அவள் கைக்கு வந்துவிட்டது. வரமாட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வருவார் என்றாலும் போதும். இரண்டுமே அவன் நல்லதுக்காகத்தான் என்று தன்னையே நம்பவைக்க அவளால் முடியும். நாக்கு நுனியில் அது நின்றது.

“எனக்குத் தெரியாதுங்க,” என்றாள். “அவரையே கூப்பிடச் சொல்றேன்.”

“மத்தியானத்துக்குள்ளம்மா.”

“சரிங்க.”

ஃபோனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். தம்பி பின்னாலிருந்து, “யாருக்கா?” என்றான். “கிடங்கு,” என்றாள். அவன் மேற்கொண்டு கேட்க வாயெடுத்து, பிறகு சாக்கடை மூடிப்பக்கம் உருண்டு போயிருந்த ஒரு சைக்கிளை இழுத்துவரப் போனான்.

கணவன் வந்தபோது புருவமெல்லாம் வெள்ளையாக உப்புப்புழுதி படிந்திருந்தது. இறங்கியதும் டிஸ்ப்ளேயை அவள் பக்கம் திருப்பினான். மூன்று கோடு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அவன் முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை. கடையின் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றித் தட்டினான்.

“எப்படி இருந்துச்சு?”

“காத்து அடிக்குது. நீ சொன்னது பொய்யில்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம் நல்லாவே அடிக்குது.”

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சூப்பர்வைசர் கூப்பிட்டாரு.”

“என்ன சொன்ன?”

“எனக்குத் தெரியாதுன்னேன். உங்களைக் கேக்காம நான் எப்படிச் சொல்றது?”

அவன் தலையை ஆட்டினான். எதிரே மினிபஸ் கிளம்பிப் போனது. அது போன சத்தம் அடங்கும்வரை இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வழியெல்லாம் யோசிச்சேன்,” என்றான். “கடை ஓடாதுன்னு ஆகியிருந்தா நிம்மதியா கிடங்குக்குப் போயிருப்பேன். ஓடும்னு தெரிஞ்சதுதான் இப்ப பயமா இருக்கு. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். போனவங்க எல்லாரும் இது உருப்படாத சைக்கிள்னுதான் சொல்லி வச்சிருப்பாங்க. அவங்க சொன்னதையெல்லாம் மாத்தணும். எனக்குத் தெம்பில்ல. அங்க போனா பெட்டியைத் தூக்கினா போதும். யோசிக்க வேண்டாம்.”

“எனக்கும் தெம்பில்லதான்.”

“அப்ப போகட்டுமா?”

இந்த வாரம் முழுவதும் விழுங்கி விழுங்கி வைத்திருந்த வார்த்தை, வெளியே வரும்போது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

“போகாதீங்க,” என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். “இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

“நீங்க கேக்கல.”

“நான் கேக்காட்டி?”

“கேக்காட்டியும் சொல்லியிருக்கணும்தான். சொன்னா அதையும் நீங்க சுமக்கணுமேன்னு இருந்தேன். ஒவ்வொருத்தரும் இப்படியே மத்தவங்க சுமக்காம பாத்துக்கிட்டதுலதான் இந்த லட்சணம். கேட்டுக்கங்க. நீங்க அங்க போய்ட்டு வந்தா வீட்டுக்கு வர்றது நீங்க இல்ல. யாரோ வந்து கையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. எனக்கு அது வேணாம். கடை ஓடினாலும் சரி, ஓடாட்டியும் சரி. ஓடாட்டி வேற எதையாவது பாக்கலாம். அங்க மட்டும் வேணாம்.”

அவள் இவ்வளவு நீளமாகப் பேசிப் பல மாதம் இருக்கும். பேசி முடித்ததும் மூச்சு வாங்கியது. உள்ளே தம்பி செய்துகொண்டிருந்த சத்தமெல்லாம் நின்றிருந்தது.

கணவன் கையை நீட்டினான். அவள் ஃபோனைக் கொடுத்தாள். அவளைப் பார்த்தபடியே பேசினான்.

“சார், நான்தான். இல்ல சார், வரல. இல்ல, யோசிச்சுதான்... தெரியும் சார். திரும்ப வந்து நிக்கமாட்டேன். சரி. சரிங்க சார்.”

ஃபோனை அவளிடம் கொடுத்துவிட்டு ஷட்டரின் பக்கச்சட்டத்தில் தலையைச் சாய்த்தான்.

“என்ன சொன்னாரு?”

“நாளைக்குக் கடையை மூடிட்டு வந்தா வாட்ச்மேன் வேலைகூடக் கிடைக்காதுன்னாரு.”

“சொல்லிட்டுப் போகட்டும்.”

“அவர் சொல்றதும் நியாயந்தான்,” என்றான்.

அவளுக்கு அழுகை வரும்போலிருந்தது, வரவில்லை. ஜெயித்த மாதிரியும் இல்லை. சாக்குகள் எல்லாம் தீர்ந்துபோன வெறுமைதான் இருந்தது. இனி காற்றைச் சொல்ல முடியாது, பேட்டரியைச் சொல்ல முடியாது. ஆட்கள் வராவிட்டால் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதையும் இனி மூவரும் ஒருவருக்கொருவர் வாயைத் திறந்து சொல்லிக்கொள்ள வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்கு அலுப்பாக இருந்தது.

“தம்பிகிட்ட சொல்லணும்,” என்றாள்.

“எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “முதல்ல இந்தத் தரையைச் சமமாக்கறதைப் பத்திப் பேசலாமா? எனக்கு இடுப்பு போகுது.”

“இதையும் இவ்வளவு நாளா சொல்லலையேடா,” என்றாள் அவள்.

பதிலுக்குக் கணவன் ஏதாவது சொல்வான் என்று திரும்பிப் பார்த்தாள். அவன் தூங்கிப்போயிருந்தான். வெயில் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. புருவத்து உப்பு மினுங்கியது. மடியில் கிடந்த கைகள் விரிந்து, விரல்கள் தளர்ந்து கிடந்தன. ரயில் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவனை எழுப்பாமல் எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டு, பாதி இறங்கியிருந்த ஷட்டரைச் சத்தம் வராமல் இரண்டு கையாலும் மெதுவாக மேலே தள்ளினாள்.